நண்டு ஓட்டுக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ்

கேள்வி: மண்டபம் பக்கத்தில் நண்டுக்கறி பிரிக்கும் கூடம் வைத்திருக்கிறோம். ஓடு மலைபோல் குவிகிறது. தீவனத்துக்கென்று அடிமாட்டு விலைக்கு அள்ளிப் போகிறார்கள். உடலுக்குள் பொருத்தும் மருத்துவச் சாதனங்களுக்கு நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் பயன்படுகிறது என்கிறாள், பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்த என் மகள். அப்படிச் சாதனம் செய்யும் பல்கலைக்கழக ஆய்வகத்தோடு நாங்கள் கூட்டுச் சேர முடியுமா? கைட்டோசானை நாங்களே தயாரித்துக் கொடுக்கலாமா? மகள் அங்கே வேலைக்குச் சேர என்ன வழி?

பதில்: நடுக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். பலர் கைமுதலைத் தொலைக்கக்கூடிய இடம் அதுதான். கைட்டோசானைக் கூடத்தில் தயாரிக்க வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். காய்ந்த நண்டு ஓட்டில் ஏறக்குறையப் பாதி சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். மிச்சம் புரதமும், கைட்டோசானுக்கு மூலமான கைட்டின் என்ற நார்ப்பொருளும். ஒரு கிலோ ஓட்டில் அரைக் கிலோ சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டால், அதைக் கரைக்க 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குறைந்தது 10 லிட்டர் வேண்டும். கரையும்போது சுமார் 120 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு நுரைத்துக்கொண்டு வரும். தொட்டி சிறிதென்றால் அமிலம் பொங்கித் தரையில் ஓடும். பிறகு புரதத்தை நீக்க 4-5 சதவீதக் காஸ்டிக் சோடாவில் 70 முதல் 90 டிகிரி சூட்டில் வேகவைப்பு. அதன் பிறகு கைட்டினைக் கைட்டோசானாக மாற்ற 40-50 சதவீதக் காஸ்டிக் சோடா, 100 டிகிரியை ஒட்டிய சூடு. ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் புளிப்பும் காரமும் போகும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் கடற்கரையில் இது நடக்கிற காரியமா? கழிவுநீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் என்று அடுத்த வரிசையும் காத்திருக்கிறது. இத்தனைக்கும் பிறகு ஒரு கிலோ ஓட்டில் தேறுவது 100 முதல் 200 கிராம் வரைதான்.

பணத்தைவிடப் பெரிய தடை எண்டோடாக்சின். சில வகைப் பாக்டீரியாக்களின் மேல்தோலிலிருந்து வரும் நஞ்சு இது. பாக்டீரியா செத்தாலும் நஞ்சு சாகாது. அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தாலும் போகாது. உலர் வெப்பத்தில் அழிக்க 250 டிகிரியில் அரைமணி நேரம் வேண்டும். அந்தச் சூட்டில் கைட்டோசான் கருகிவிடும். கைட்டோசானுக்கு நேர்மின் தன்மை, இந்த நஞ்சுக்கு எதிர்மின் தன்மை. அதனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரியமாட்டேன் என்னும். சூடான காஸ்டிக் சோடா நஞ்சைப் பெரும்பாலும் அழித்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பின் கடைசியாக அலசும் தண்ணீர் சாதாரணக் குழாய்த் தண்ணீராக இருந்தால், அதிலிருந்தே மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். இரத்தத்தைத் தொடும் சாதனம் ஒன்றுக்கு அமெரிக்க மருந்து நூல் அனுமதிக்கும் உச்சம் 20 எண்டோடாக்சின் அலகு. மூளைத் தண்டுவட நீரைத் தொடுவதென்றால் 2.15 அலகு. இந்த அளவைக் கூடத்தில் எட்ட முடியாது. ஒரு விசித்திரமும் உண்டு: இந்த நஞ்சைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது குதிரைலாட நண்டின் இரத்தம். பெயரில் நண்டு, உறவில் சிலந்திக்குப் பக்கம். கைட்டோசான் அந்தச் சோதனையையும் குழப்பும் என்பதால், அதற்கென்று மாற்றியமைத்த முறையில்தான் அளக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் கொடுக்க வேண்டியது ஓடு. அதுவும் வெறும் ஓடல்ல, பிறப்புச் சான்றிதழோடு வரும் ஓடு. ஆய்வகத்தின் நிரந்தரத் தலைவலி, போன மாதம் வந்த கைட்டோசானும் இந்த மாதம் வந்ததும் ஒன்றுபோல் நடப்பதில்லை என்பது. பிசுபிசுப்பு மாறும், கரையும் வேகம் மாறும், ஏன் என்று எவருக்கும் தெரியாது. ஓட்டின் வரலாறு எழுதப்படவில்லையே! அந்த வரலாற்றை எழுதிக் கொடுக்கக் கூடியவர், நண்டை ஏலத்தில் எடுத்து ஆவியில் வைக்கும் நீங்கள்தான்.

மாதிரித் தொகுப்பு இப்படி இருக்கட்டும். வடகடல் நண்டையும் தென்கடல் நண்டையும் கலக்காதீர்கள். வடக்கே பாக் விரிகுடாவின் சேற்றுத் தரையும் தெற்கே மன்னார் வளைகுடாவின் மணலும் பாறையும் வேறு, ஓட்டில் சேரும் உலோகங்களும் வேறாக இருக்கலாம். நீலக்கால் நண்டு மட்டும் எடுங்கள். முக்கண்ணு நண்டு தனி. முதுகு ஓட்டையும் கால், கொடுக்கு ஓட்டையும் தனித்தனியாகக் கட்டுங்கள், ஏனென்றால் சுண்ணாம்பின் அளவும் தடிமனும் ஒன்றல்ல. கலந்தால் அமிலத்தில் ஒன்று கரைந்து முடிந்தபின்னும் மற்றது பாதியில் நிற்கும்.

கறி பிரித்த இரண்டு மணி நேரத்துக்குள் ஓடு அலசலுக்குப் போக வேண்டும். சாயங்காலம் வரை குவித்து வைத்தால் நாற்றம் மட்டும் பிரச்சினையல்ல. கைட்டினைத் தின்னும் பாக்டீரியா, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியைத் துண்டாட ஆரம்பித்துவிடும். நீண்ட சங்கிலி வேண்டும் என்று கேட்கும் ஆய்வகத்துக்கு அந்த ஓடு பயனில்லை. கடல்நீரில் அலச வேண்டாம். உப்பு ஒட்டியிருந்தால் காயவைத்த ஓடு இரவுக் காற்றின் ஈரத்தை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். குடிநீரில் அலசி, கடைசி அலசல் தண்ணீரை, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள், குழாய்த் தண்ணீரின் எண்ணை நெருங்கினால் போதும். மேசையைத் துடைக்கும் பிளீச்சிங் பவுடர் தண்ணீர் ஓட்டில் படக் கூடாது. குளோரின் சங்கிலியை அறுக்கும். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் மறைக்காமல் எழுதிவையுங்கள். எழுதிய குறை ஆய்வகத்துக்குத் தகவல். எழுதாத குறையால் ஆறு மாத வேலை வீண்.

மணலில் பரப்பாதீர்கள். இடுப்பளவு உயரத்தில் வலை கட்டி அதில் உலர்த்துங்கள். டிரையர் இருந்தால் 50-60 டிகிரி. காய்ந்ததா என்று கையால் நொறுக்கிப் பார்ப்பது போதாது. 100 கிராம் எடுத்து 105 டிகிரி ஓவனில் நான்கு மணி நேரம் வைத்து நிறுங்கள். 90 கிராமுக்குக் கீழே போனால் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல், மறுபடி காயவைக்க வேண்டும். உணவுத் தரப் பாலிதீன் உறையில் கட்டி, வெளியே கோணிப்பை. உறைமேல் ஒரு எண். அந்த எண்ணுக்கு நோட்டில் ஒரு பக்கம்: பிடித்த தேதி, கரையேறிய இடம், வடகடலா தென்கடலா, நண்டு வலையா இழுவலையா, ஐஸில் கிடந்த நேரம், ஆவியில் வைத்த நிமிடம், அலசிய தண்ணீர் எது, உலர்த்திய நாள்கள், முன்னும் பின்னும் எடை. இந்தப் பக்கம்தான் நீங்கள் விற்கும் சரக்கு.

முதலில் 2 கிலோ வீதம் மூன்று தொகுப்புகள் போதும், வெவ்வேறு பருவத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் அந்த இரண்டு மாதம் நாட்டுப்படகு நண்டுதான் வரும். அதையும் ஒரு தொகுப்பாக அனுப்புங்கள். வேறுபாடு தெரிந்தால் ஆய்வகம் சந்தோஷப்படும், கோபப்படாது.

வருமானம் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். ஒரு ஆய்வகத்துக்கு ஆண்டு முழுவதற்கும் வேண்டியது சில கிலோ ஓடு. தீவனக்காரர் ஒரே நாளில் அள்ளுவதைவிடக் குறைவு. நீங்கள் சம்பாதிப்பது இடம்: சாதனம் தேறினால் அதன் கோப்பில் மூலப்பொருள் தருபவராக உங்கள் பெயர் இருக்கும். தேறுவதற்கு ஆண்டுகள் ஆகும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் செயற்கை இதய வால்வுக்கு முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒரு கட்டத்தில் செயற்கை நீலக்கல்லால் செய்த, வால்வைத் திறந்து மூடும் தட்டு விலங்குச் சோதனையில் உடைந்தது. நான்காவதில் பாலிஎத்திலீன் தட்டு வைத்து, 1990 டிசம்பர் 6 அன்றுதான் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

எந்த ஆய்வகத்தை அணுகுவது? பேஸ்மேக்கர், காது உள்வைப்பு போன்ற மின்னணுச் சாதனம் செய்பவர்களுக்கு உங்கள் ஓடு தேவையில்லை. நரம்பு அறுந்த இடத்தை இணைக்கும் குழாய், குருத்தெலும்பு நிரப்பி, எலும்பில் பதிக்கும் உலோகத்துக்கு மருந்துப் பூச்சு, இரத்தம் நிறுத்தும் பஞ்சு ஆகியவற்றில் வேலை செய்பவர்களைத் தேடுங்கள். ஐரோப்பாவில் கைட்டோசான் நரம்புக் குழாய் விற்பனைக்கே வந்திருக்கிறது. நம் பக்கம், மேலே சொன்ன நிறுவனத்தின் பூஜப்புரை வளாகத்திலுள்ள உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு, சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம். பக்கத்திலேயே வேண்டுமென்றால் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன. பின்னது பல்கலைக்கழகமல்ல, ஆனால் உலோகத்தின் மேல் பூச்சு, அரிப்பு பற்றிய வேலைக்கு அதுதான் இடம்.

காகித வேலையில் வரிசை முக்கியம். உறையை நீட்டுவதற்கு முன் ரகசியக் காப்பு ஒப்பந்தம். ஓடு கைமாறும்போது பொருள் மாற்று ஒப்பந்தம். பேராசிரியரின் கையெழுத்து மட்டும் போதாது, பல்கலைக்கழகப் பதிவாளரோ ஆராய்ச்சி டீனோ போட வேண்டும். அதில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஓடு ஆராய்ச்சிக்கு மட்டும், மனித உடலில் பயன்படுத்த அல்ல, மூன்றாம் நபருக்குக் கைமாற்றக் கூடாது, சோதனை முடிவின் நகல் உங்களுக்கு வரும், கட்டுரை வெளியானால் மூலம் குறிப்பிடப்படும். விலங்குச் சோதனை தொடங்கிய பிறகு நீங்கள் தண்ணீரையோ உலர்த்தும் முறையையோ மாற்றினால் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் மாற்றினால், அதுவரை எடுத்த முடிவுகள் எதைப் பற்றியவை என்றே தெரியாமல் போகும்.

ஓடு கொடுத்ததாலேயே காப்புரிமையில் பங்கு வராது. கண்டுபிடிப்பின் யோசனையில் உங்கள் பங்கு இருந்தால்தான் வரும். அப்படி ஏதாவது தோன்றினால் தேதியிட்டு நோட்டில் எழுதி, வெளியே பேசுவதற்கு முன் தற்காலிக விண்ணப்பம் போடலாம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய், முழு விண்ணப்பத்துக்கு 12 மாத அவகாசம். நம் கடல் உயிரிலிருந்து வந்தது என்பதால், காப்புரிமை கேட்கும்போது தரமணியிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளும் பொருந்தும். அதை யார் கவனிப்பது என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

2017-ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளில் உடலுக்குள் கரையும் இம்ப்ளான்ட் மிகக் கடுமையான டி வகுப்பு. எம்.டி.-13 சோதனை உரிமம், உடலுக்குக் கேடில்லையா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 10993 சோதனைகள் எல்லாம் சாதனம் செய்பவரின் பாடு. உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், செலவு செய்ய வேண்டாம்.

இன்னொன்று. பவளத்திலிருந்தும் எலும்பு நிரப்பி செய்கிறார்கள் என்று யாராவது ஆசை காட்டலாம். உண்மைதான், ஆனால் இங்கே பவளப்பாறையும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. ஆய்வகத்துக்கென்றாலும் துண்டுகூட எடுக்க வேண்டாம்.

இனி மகள். கைட்டோசானில் வேலை செய்யும் மூன்று ஆய்வகங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் கடைசி இரண்டு கட்டுரைகளைப் படித்து, அதில் மூலப்பொருள் எங்கே வாங்கினார்கள் என்ற வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயரும் ஒரு எண்ணும் மட்டும் இருக்கும். அவளுடைய மின்னஞ்சல் அங்கே தொடங்கட்டும்: "ஓடு வந்த இடம், பருவம், உலர்த்திய முறை எல்லாம் பதிவான மூன்று தொகுப்புகள் என்னிடம் உள்ளன, உங்கள் முறையில் அவற்றின் மூலக்கூறு எடையை ஒப்பிட விரும்புகிறேன்." பத்து வரி, ஒரு பக்க விவரக்குறிப்பு, நோட்டுப் பக்கம் ஒன்றின் படம். "எந்தப் புராஜெக்ட் என்றாலும் சரி" என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் பதில் வராது.

ஆராய்ச்சிப் படிப்பு வேண்டுமென்றால் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதட்டும். 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். இவளுக்கு நேராகப் பொருந்தும். தகுதித் தேர்வு தேறி இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தால் 2023 ஜனவரியிலிருந்து உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். சான்றிதழுக்காகப் பணம் கட்டும் "இன்டர்ன்ஷிப்" பக்கம் போக வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல தராசு வாங்கலாம்.

நோட்டு எழுதும் வேலையை இன்றே அவளிடம் கொடுங்கள். மூன்றாவது தொகுப்பின் முடிவு எழுத்தில் வரும்வரை டிரையருக்கோ கட்டடத்துக்கோ கடன் வாங்க வேண்டாம். தீவனக்காரரையும் விட்டுவிட வேண்டாம்.