வரைபடம் காட்டாத பக்கம்

கேள்வி: இரண்டு மைக்குகளின் அதிர்வெண் வரைபடங்களும் (தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எதை எவ்வளவு எடுக்கும் என்று காட்டுபவை) ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் என் குரல் ஒன்றில் இதமாகவும் மற்றதில் அடைத்தாற்போலவும் கேட்கிறதே, ஏன்?

பதில்: அந்த வரைபடம் பெரும்பாலும் மைக்கின் நேர் எதிரே வரும் ஒலியை அளந்து வரைந்தது. உங்கள் அறையோ சுவர், மேசை, கூரை என்று எல்லாப் பக்கமிருந்தும் எதிரொலியை அனுப்புகிறது. பக்கவாட்டு ஒலியை நல்ல மைக் சீராகக் குறைக்கும். மட்டமானது 'ச', 'ஷ' போன்ற கூர்மையான ஓசைகளை மட்டும் விழுங்கிவிட்டு, மந்தமான மிச்சத்தை உள்ளே விடும். அடைப்பு அங்கிருந்துதான் வருகிறது என்பது என் ஊகம். பேசிக்கொண்டே மைக்கை அரைவட்டம் சுற்றி வந்து பதிவு செய்து கேளுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது நெருக்கம். கார்டியாய்டு மைக்கில், அதாவது முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் எடுக்கும் வகையில், வாயை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால் அடிக்குரல் பருத்துவிடும். எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். அச்சிட்ட வரைபடம் எந்தத் தூரத்தில் அளந்தது என்று பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள். மெல்லப் பேசுபவரானால் மைக்கின் சொந்த இரைச்சலும், கத்திப் பாடுபவரானால் அதன் சிதைவும் சேர்ந்துகொள்ளும்.

'வேகமான சவ்வு' (மைக்கினுள் ஒலி பட்டு அதிரும் மெல்லிய படலம்) என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்த வேகத்தில் பெரும்பகுதி உச்ச அதிர்வெண்களாக வரைபடத்திலேயே இருக்கிறது.