‘கார்ஸ்’ படத்தை ஞாயிறு பாடசாலையில் காட்டலாமா?

யாழ்ப்பாணத்தில் உங்கள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு, 2006இல் பிக்சார் வெளியிட்ட ‘கார்ஸ்’ அனிமேஷன் படத்தைக் காட்டலாமா, கார்ப் பந்தய நகைச்சுவையில் விசுவாசத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் காட்டலாம்.

தன் வெற்றியை மட்டுமே எண்ணிய, படத்தின் நாயகனான பந்தயக் கார் மக்குயின், இறுதிப் பந்தயத்தில் முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னே நின்று, போட்டியாளன் இடித்ததால் நொறுங்கிக் கிடக்கும் மூத்த வீரர் ‘கிங்’கிடம் திரும்பிச் சென்று, அவர் தமது கடைசிப் பந்தயத்தை முடிக்கும்படி பின்னாலிருந்து தள்ளி வருகிறான், கோப்பையோ இடித்தவனுக்கே போகிறது. லூக்கா 10ஆம் அதிகாரத்துச் சமாரியனும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்காகத் தன் பயணத்தை நிறுத்தியவனே. பவுல் 1 கொரிந்தியர் 9இல் ஓட்டப் பந்தயத்தைப் பழிக்கவில்லை; அழிந்துபோகும் கிரீடத்தையும் அழியாத கிரீடத்தையும் பிரித்தறியவே சொல்கிறார். 1904 முதல் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் ஆடிவரும் ‘வடக்கின் பெரும் போர்’ என்னும் கிரிக்கெட் போட்டியைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். இரண்டுமே மிஷனரிமார் நிறுவிய பாடசாலைகள் என்பதையும் சொல்லுங்கள்.

தான் பாழாக்கிய வீதியை மக்குயின் செப்பனிடுவது, அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முன்வந்த லூக்கா 19ஆம் அதிகாரத்து வரி வசூலிப்பவன் சகேயுவை நினைவூட்டினாலும், சகேயு மனமுவந்து ஈடுசெய்தான், மக்குயினோ முதலில் கட்டாயத்தால் செய்தான். அவனை மாற்றுவது நட்பு. படம் பேசாத கிருபையைப் பற்றி ஆசிரியரே பேச வேண்டும்.

படம் ஏறத்தாழ 2 மணி நேரம் ஓடுவதால், சிறியவர்களுக்கு இரண்டு வாரங்களாகப் பிரித்துக் காட்டுங்கள்.