ராத்திரி பூரா போன், காலையில வயித்து வலி: பையன் மொபைலுக்கு அடிமையாயிட்டானா?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 14 வயசு. ரெண்டு மாசமா ராத்திரி 2 மணி வரைக்கும் போனும் கையுமா இருக்கான். காலையில எழுப்பினா வயித்து வலி, ஸ்கூலுக்கு போகலங்கறான், லீவு நாள்ல வலியே இல்ல. போனை வாங்கினா கத்தி அழறான். அவனை கேலி பண்ணி கிளாஸ் குரூப்ல ஒரு மீம் போட்டிருந்ததையும் பார்த்தேன். இது அடிக்‌ஷனா? போனை வாங்கி பீரோல வச்சு பூட்டிடவா?

பதில்: அம்மா, நீங்க கடைசியா போற போக்குல எழுதியிருக்கீங்களே அந்த மீம், நான் அதுல இருந்துதான் ஆரம்பிப்பேன். ஒரு பிள்ளை பாதி ராத்திரி வரைக்கும் போனை விடாம இருந்தா ஜாலியா இருக்கான்னு நாம நினைச்சுக்கறோம், ஆனா கேலிக்கு ஆளான பிள்ளைங்க நிறைய பேரு அந்த நேரத்துல தன்னைப் பத்தி யாரு என்ன போட்டிருக்கா, யாரு சிரிச்சிருக்கா, புதுசா போட்டோ ஏதாவது வந்திருக்கான்னு திரும்ப திரும்ப பாத்துக்கிட்டு இருப்பாங்க. முன்னல்லாம் ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வந்துட்டா அன்னைக்கு சீண்டல் அதோட முடிஞ்சுது, இப்போ அது போன் வழியா படுக்கை வரைக்கும் வருது.

அடிக்‌ஷனான்னு கேட்டீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் ஐசிடி-11, 2022ல நடைமுறைக்கு வந்தது, அதுல கேமிங் டிஸ்ஆர்டர்னு ஒண்ணு இருக்கு, இன்டர்நெட் அடிக்‌ஷன்னு தனியா ஒரு நோய் கிடையாது. கேமிங்குக்கே கூட, கட்டுப்பாடு போயி, மத்த எல்லாத்தையும் விட்டுட்டு, கெடுதல்னு தெரிஞ்சும் தொடர்ந்து, பொதுவா 12 மாசம் இப்படி இருந்தாத்தான் அந்தப் பேரு வைப்போம். உங்க பையனுக்கு ரெண்டு மாசம்தான் ஆகுது, அதனால அந்தப் பேரை இப்பவே அவன் மேல ஒட்டாதீங்க ப்ளீஸ்.

வயித்து வலியும் நடிப்புன்னு நினைச்சுடாதீங்க. பயமும் பதட்டமும் வந்தா குடல் நிஜமாவே முறுக்கும், லீவு நாள்ல வலி இல்லாததுக்கு அதுதான் காரணமா இருக்கலாம். இருந்தாலும் ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க, எடை குறையுது, காய்ச்சல் இருக்கு, தூக்கத்துல இருந்தே வலி எழுப்புதுன்னா கண்டிப்பா காட்டணும்.

பீரோவுக்கு வருவோம். சொன்னா போன் போயிடும்ங்கற பயத்துலதான் நிறைய பிள்ளைங்க வாயே திறக்கறதில்ல. நீங்களும் புடுங்கி பூட்டிட்டா அவனுக்கு ரெண்டு தண்டனை ஆயிடும், கேலி பண்ணவங்களுக்கு ஒண்ணுமே ஆகல. அதனால முதல்ல, "அந்த மீமை நான் பாத்தேன்டா, உன் மேல தப்பில்ல, இதுக்காக போனை வாங்க மாட்டேன்"னு சொல்லுங்க, நேருக்கு நேர் உக்கார வச்சு விசாரிக்காதீங்க, கூட நடக்கும்போதோ வண்டியில போகும்போதோ பேச்சோட பேச்சா சொல்லுங்க. உடனே பதில் வராது, ரெண்டு மூணு தடவை ஆகும். அப்புறம் ரெண்டு பேருமா சேந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து தேதியோட வச்சுக்கோங்க, அதுக்கு அப்புறம்தான் பிளாக், ரிப்போர்ட் எல்லாம். கோவத்துல டெலிட் பண்ணிட்டா ஸ்கூல்ல காட்ட கையில ஒண்ணும் இருக்காது. குரூப்ல நீங்க போயி சண்டை போடறதோ அந்தப் பையனோட அம்மாவுக்கு நேரா போன் போடறதோ வேணாம், பல நேரம் அது கேலியை இன்னும் கூட்டித்தான் விடும், ஸ்கூல் மூலமாவே போங்க.

தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. இந்த வயசுக்கு 8ல இருந்து 10 மணி நேரம் வேணும். ராத்திரி எல்லார் போனும், உங்களோடதும்தான், ஹால்ல சார்ஜ்ல இருக்கட்டும், வீட்டுக்கே ஒரே ரூல்னா அவனுக்கு தண்டனை மாதிரி தெரியாது.

இன்னொண்ணு, கேட்க கஷ்டமாத்தான் இருக்கும். கேலிக்கு ஆளாகற பிள்ளையே வேற ஒருத்தனை ஆன்லைன்ல சீண்டறதும் உண்டு, ரெண்டு பக்கமும் இருக்கற பிள்ளைங்கதான் மனசளவுல ரொம்ப பாதிக்கப்படறாங்க. அப்படி தெரிஞ்சா திட்டறதுக்கு முன்னாடி முழுசா கேளுங்க.

பேச்சே குறைஞ்சுடுச்சு, பிடிச்ச விளையாட்டும் வேணாம்ங்கறான், கையில கீறல் இருக்கு, "நான் இல்லாம இருந்தா நல்லது"ன்னு ஏதாவது சொல்றான்னா, சாகணும்னு தோணுதாடான்னு நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது. ஆமான்னா தனியா விடாதீங்க, வீட்ல இருக்கற மாத்திரையெல்லாம் எடுத்து வச்சுட்டு அன்னைக்கே மனநல டாக்டர்கிட்டயோ பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கோ கூட்டிட்டு போங்க. இதெல்லாம் இல்லைன்னாலும், ஸ்கூல்ல பேசியும் ரெண்டு வாரத்துல தூக்கமும் வயித்து வலியும் மாறலன்னா குழந்தைகள் மனநல டாக்டரை பாருங்க, அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் கையோட கொண்டு போங்க.