பக்கத்து ஊர்களுக்கு நடுவே நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரே பாதை: திட்டத்தை எங்கே தொடங்குவது?

முதலில் நிலத்தைத் தேடுங்கள், வரைபடம் அப்புறம். இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் நடுவே கைவிடப்பட்ட ரயில் தடம் கிடந்தது. அதன்மேல் 1979 முதல் 1986 வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பாதை போட்டார்கள். நீளம் சுமார் 21 கிலோமீட்டர். ரயில் செங்குத்தாக ஏறாது இல்லையா, அதனால் ஏற்றம் மிதம்தான். வயதானவர்களும் சிரமமில்லாமல் மிதிக்கலாம். பழைய பாலங்கள் இருந்ததால் சாலையைக் கடக்கும் தொல்லையும் குறைவு. வழியில் வரும் ஸ்டேபிள் ஹில் என்ற பழைய ரயில் சுரங்கத்துக்குள் விளக்கு போட்டிருக்கிறார்கள்.

அகலத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அங்கே சுமார் 3 மீட்டர்; நாயோடு உலாவுபவரும் வேலைக்கு விரைபவரும் சேர்ந்தால் அதுவே நெருக்கடிதான். நடப்பவருக்கே முதலிடம் என்பதைப் பலகையில் எழுதிவிடுங்கள். சரி, பராமரிப்பு யார் செலவு? இரண்டு ஊர் நிர்வாகங்களும் வேலை தொடங்கும் முன்பே அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.