தெல்மா ரிட்டர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஹாலிவுட் இயக்குநர் ஹிட்ச்காக் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய 'ரியர் விண்டோ' பார்த்தேன். ஜேம்ஸ் ஸ்டூவர்ட், கிரேஸ் கெல்லி இருவரையும்விட, தினமும் வந்து மசாஜ் செய்துவிட்டுப் போகும் அந்த நர்ஸ் அம்மாதான் மனதில் நிற்கிறார். பெயர் தெல்மா ரிட்டர். ஆறு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட வாங்கவில்லையாம். சினிமாவுக்கு வந்ததே நாற்பத்தைந்து வயதில். இவ்வளவு திறமை இருந்தும் வேலைக்காரி, நர்ஸ், அம்மா என்றே வாழ்க்கை போய்விட்டதே என்று வருத்தமாக இருந்தது. அவரைப் பற்றி எழுதுவீர்களா?

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

உங்கள் கண் சரியான ஆளிடம்தான் போயிருக்கிறது. ஆனால் அந்த வருத்தத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வேலைக்காரி வேடம்தானே என்கிறீர்கள். அந்த வேலைக்காரி படத்தில் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். 'ஆல் அபவுட் ஈவ்' (1950) படத்தில், பெரிய மேடை நடிகையான மார்கோவின் ஒப்பனை அறைக்கு ஈவ் என்ற பெண் வந்து தன் சோகக் கதையைச் சொல்கிறாள். மார்கோ, நாடக ஆசிரியர், அவர் மனைவி எல்லோரும் உருகிப்போகிறார்கள். மார்கோவுக்கு உடை எடுத்துக் கொடுக்கும் பெர்டியாக வரும் ரிட்டர் மட்டும், இந்தக் கதையில் வேட்டைநாய்கள் துரத்துவது ஒன்றுதான் பாக்கி என்கிற மாதிரி ஒரு வரியைப் போட்டுவிட்டு மார்கோவிடம் திட்டு வாங்கிக்கொள்கிறார். அப்புறம், அந்தப் பெண் உங்களைப் பாடம்போல் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று மார்கோவை எச்சரிப்பதும் அவர்தான். படிப்பும் புகழும் உள்ளவர்களுக்குத் தெரியாதது அவருக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. வேலை செய்பவர்கள் முதலாளியைக் கவனிக்கிற அளவுக்கு முதலாளி அவர்களைக் கவனிப்பதில்லை. ரிட்டரின் நடிப்பு முழுக்க இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. படத்தின் பின்பாதியில் பெர்டி காணாமலே போய்விடுகிறாள் என்பது எனக்கு இன்றும் குறைதான்.

'ரியர் விண்டோ'வின் ஸ்டெல்லாவும் இதே வார்ப்பு. அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பது தப்பு என்று முதலில் கண்டிக்கிறார். பிறகு ஸ்டூவர்ட் காலை உணவில் கை வைத்திருக்கும்போது, எதிர்வீட்டுக்காரன் தன் மனைவியைக் கொன்று உடலை எங்கே வைத்து வெட்டியிருப்பான், குளியல்தொட்டியில்தானே என்று சாவகாசமாக யோசிக்கிறார். கடைசியில் மண்வெட்டியோடு இறங்கிப் பூச்செடிப் பாத்தியைத் தோண்டுவதும் அவரே.

ப்ரூக்ளினில் 1902இல் பிறந்தவர். நாடகம் படித்து மேடையில் நடித்து, குழந்தைகளுக்காக நிறுத்தி, நாற்பதுகளில் வானொலி வழியாகத் திரும்பி வந்தார். 1947இல் 'மிராக்கிள் ஆன் தர்ட்டிஃபோர்த் ஸ்ட்ரீட்' படத்தில் ஒரு சின்ன வேடம்: கிறிஸ்துமஸ் கூட்டத்தில் பிள்ளைக்குப் பொம்மை தேடிக் களைத்துப்போன தாய். எங்கள் கடையில் இல்லை, வேறு கடையில் கிடைக்கும் என்று கடையின் சாண்டா கிளாஸே சொல்வதைக் கேட்டு அசந்துபோகிறார். டைட்டிலில் பெயர்கூட இல்லை. ஆனால் பாக்ஸ் ஸ்டூடியோவின் தலைவர் டாரில் சானக் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அவர் பங்கைக் கூட்டச் சொன்னார். அங்கிருந்துதான் எல்லாம்.

1950 முதல் 1953 வரை நான்கு படங்களுக்குத் தொடர்ந்து ஆஸ்கர் நாமினேஷன். பிறகு 1959இல் 'பில்லோ டாக்', 1962இல் 'பேர்ட்மேன் ஆஃப் அல்காட்ராஸ்'. இதில் 'த மேட்டிங் சீசன்' (1951) பெரிய அநியாயம். ஹாம்பர்கர் கடை நடத்திய ஒரு தாய், மேல்தட்டு மருமகளின் வீட்டிலேயே தான் யார் என்று சொல்லாமல் சமையற்காரியாக வேலை பார்க்கிறாள். கதையே அவளைச் சுற்றித்தான். போட்டியிட்டதோ துணை நடிகைப் பிரிவில்!

ஆனால் எனக்குக் கோபம் வருவது 1953க்காகத்தான். சாமுவேல் ஃபுல்லரின் 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்'. மோ என்ற கிழவி தெருவில் கழுத்தில் கட்டும் டை விற்கிறாள், கூடவே போலீசுக்குத் துப்பும் விற்கிறாள். அநாதைப் பிணமாக அரசாங்கக் குழியில் போய்விடக் கூடாது, சொந்தமாக ஒரு கல்லறை வேண்டும் என்று காசு சேர்க்கிறாள். அவளால் மாட்டிக்கொண்ட ஜேப்படிக்காரன்கூட அவளை வெறுப்பதில்லை. அவளும் பிழைக்க வேண்டுமே என்கிறான். ஒரு ராத்திரி அவள் அறைக்கு ஒருவன் துப்பாக்கியோடு வந்து அந்த ஜேப்படிக்காரனின் முகவரியைக் கேட்கிறான். யாரையும் விலைக்கு விற்கிறவள் இந்த ஒரு பெயரை விற்க மறுக்கிறாள். பயப்படவில்லை, வீர வசனம் பேசவில்லை. எவ்வளவு களைத்துப்போயிருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறாள். கேமரா இசைத்தட்டின் பக்கம் திரும்ப, குண்டுச் சத்தம் கேட்கிறது. அந்த வருட விருது டோனா ரீடுக்குப் போனது. அவர் நல்ல நடிகை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் களைப்பை நடித்துக் காட்டுவது வேறு மாதிரியான காரியம்.

விருதே வாங்காதவரும் இல்லை. 1958இல் 'நியூ கேர்ள் இன் டவுன்' என்ற இசை நாடகத்துக்காக, அமெரிக்க மேடைக்கான டோனி விருது பெற்றார், அதுவும் முதன்மை நடிகைக்கான விருது, அதே நாடகத்தில் நடித்த க்வென் வெர்டனோடு சமமாக. மேடை அவரை நாயகி என்று ஒப்புக்கொண்டது.

பதினைந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை, அதிலும் மான்கிவிக்ஸ், ஃபுல்லர், ஹிட்ச்காக், ஹ்யூஸ்டன் என்று இயக்குநர்கள். அக்காலத்து நாயகிகள் பலருக்கு நாற்பதைத் தாண்டியதும் வேடமே கிடைக்கவில்லை. இவர் தொடங்கியதே அந்த வயதில். இதை வீணான வாழ்க்கை என்று எப்படிச் சொல்வது?

அடுத்து 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' பாருங்கள், எண்பது நிமிடம்தான். முடிந்தால் அதே வாரத்தில் 'பேர்ட்மேன் ஆஃப் அல்காட்ராஸ்' படத்தையும் பாருங்கள். அதில் மகனைப் பிடித்து வைத்துக்கொள்ளத் துடிக்கும், அவன் கைநழுவியதும் அவனுக்கு எதிராகவே திரும்பும் தாய். மோவிடம் இருந்த இரக்கத்தில் ஒரு துளிகூட அவளிடம் இருக்காது.

அன்புடன்.