கன்னியர் மடத்தில் சேருமுன்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மகளுக்கு வயது 21. பட்டப்படிப்பு முடித்த கையோடு கன்னியர் மடத்தில் சேரப் போகிறேன் என்கிறாள். உள்ளே போனால் திரும்பி வரவே முடியாது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். முடிவு என்பது எப்போது?

பதில்: நீங்கள் நினைப்பதைவிட வெகு தாமதமாக. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகியவற்றைக் கடைப்பிடிப்பதாகக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குக்கு வார்த்தைப்பாடு என்று பெயர். இறுதி வார்த்தைப்பாடு கொடுக்கும்போது உங்கள் மகளுக்கு முப்பது வயது நெருங்கியிருக்கும். அதுவரை ஒவ்வொரு கட்டத்திலும் அவள் வெளியே வரலாம். தகுந்த காரணம் இருந்தால் ‘உனக்கு இது ஒத்துவராது’ என்று சபையும் சொல்லலாம்.

முதலில் சபையோடு பழகும் காலம், அதன்பின் முன்பயிற்சி. இவை எவ்வளவு நாள் என்பது சபைக்குச் சபை மாறும். இரண்டும் சேர்ந்து ஓரிரண்டு ஆண்டுகள் ஆவது சகஜம். பிறகுதான் நவதுறவு எனும் நோவிஷியேட். இதில் சேர 17 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 12 மாதம். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. இந்த 12 மாதத்தில் பயிற்சி இல்லத்தை விட்டு வெளியே இருந்த நாட்கள் மூன்று மாதத்தைத் தாண்டினால், விட்டுவிட்டு இருந்தாலும் சரி, நவதுறவே செல்லாது. 15 நாளைத் தாண்டினால் அந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும். அண்ணன் கல்யாணம், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று அடிக்கடி கூப்பிடும் வீடுகள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. சபை கல்நெஞ்சத்தோடு மறுப்பதாகப் பலர் குறைப்படுவார்கள். மறுப்புக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் கத்தோலிக்கத் திருச்சபையின் இந்தச் சட்டம்தான்.

அடுத்தது தற்காலிக வார்த்தைப்பாடு: மூன்று ஆண்டுக்குக் குறையாமல், ஆறு ஆண்டுக்கு மேற்படாமல். தேவைப்பட்டால் மொத்தம் ஒன்பது ஆண்டு வரை நீட்டிக்கலாம். அதற்குப் பிறகே இறுதியான நித்திய வார்த்தைப்பாடு. கார்மேல் போன்ற அடைபட்ட தியான மடங்களில், அதாவது வெளிப்பணி இல்லாமல் மடத்துக்குள்ளேயே செபத்தில் வாழும் மடங்களில், இன்னும் நீளம். 2018-இல் உரோமை (திருச்சபையின் தலைமையகமான வத்திக்கான்) வெளியிட்ட விதிமுறைப்படி தொடக்கம் முதல் நித்திய வார்த்தைப்பாடு வரை குறைந்தது ஒன்பது ஆண்டுகள். மாறாக, 1633-இல் பாரிசில் வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தெ மரியாக்கும் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் தங்கள் வார்த்தைப்பாட்டை இன்றும் ஆண்டுதோறும்தான் புதுப்பிக்கிறார்கள்.

மகள் எந்தச் சபை என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், பள்ளியையோ மருத்துவமனையையோ பார்த்து முடிவு செய்ய வேண்டாம். திருவிழா இல்லாத வாரமாகப் பார்த்து ஐந்தாறு நாள் அந்த இல்லத்தில் தங்கிவிட்டு வரட்டும். சாப்பாட்டு மேசையில் யார் யாரோடு பேசுகிறார்கள், படுக்கையில் கிடக்கும் மூத்த சகோதரியை யார் பார்த்துக்கொள்கிறார்கள், பயிற்சியிலிருந்து விலகிப் போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனிக்கச் சொல்லுங்கள். பணி மாறிக்கொண்டே இருக்கும். வீடு இதுதான்.

கேள்வி: சேரும்போது என்னென்ன ஆவணங்கள் கேட்பார்கள்? சிறு வயதில் இருந்த நோயைச் சொல்ல வேண்டுமா?

பதில்: ஞானஸ்நானச் சான்று, உறுதிபூசுதல் சான்று, திருமணத் தடையில்லாச் சான்று இந்த மூன்றும் கட்டாயம். முன்பு வேறொரு சபையில் இருந்திருந்தால் அந்தச் சபைத் தலைவியின் கடிதமும் வேண்டும். வேறொரு சபையில் வார்த்தைப்பாடு கொடுத்திருந்ததை மறைத்துச் சேர்ந்தால் சேர்க்கையே செல்லாது. அடைக்க முடியாத கடன் உள்ளவரையும் எடுக்கக் கூடாது.

நோயைச் சொல்லுங்கள். தைராய்டு, சர்க்கரை, வலிப்பு, மனச்சோர்வு எதுவானாலும், சாப்பிடும் மாத்திரையின் பெயர், அளவு, மருத்துவர் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். பலர் வாய் திறக்காமல் உள்ளே போன பிறகு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதிகாலை எழுவது, நோன்பு, புது இடம், தூக்கக் குறைவு எல்லாம் ஒன்றுசேர்ந்து சில மாதங்களில் நோய் தலைதூக்கும். முதலிலேயே தெரிந்திருந்தால் மருந்து நேரத்துக்கு ஏற்ப அட்டவணையைக் கொஞ்சம் மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: நான் கணவரை இழந்தவள், வயது 42. சேர முடியுமா?

பதில்: திருமண பந்தம் கணவரின் மரணத்தோடு முடிந்துவிட்டதால் திருச்சபைச் சட்டப்படி தடை இல்லை. பொதுச் சட்டத்தில் வயது உச்சவரம்பும் கிடையாது. ஆனால் பல சபைகளின் சொந்தச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது, ஆகவே முதல் கடிதத்திலேயே வயதை எழுதிக் கேளுங்கள். உங்களை நம்பிப் பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்கள்.

கேள்வி: ஆசிரியையாக வேலை பார்க்கும் சகோதரியின் சம்பளம் யாருக்கு? அப்பா எழுதி வைத்த சொத்தும் சபைக்குப் போய்விடுமா?

பதில்: இரண்டும் வேறு வேறு கணக்கு. சம்பளம் சபைக்குரியது. ஓய்வூதியம், காப்பீட்டுத் தொகை ஆகியவையும் சபையின் சொந்தச் சட்டம் வேறுவிதமாகச் சொல்லாதவரை சபைக்குரியவை. சம்பளம் இல்லத்தின் பொதுக் கணக்கில் சேரும். சாப்பாடு, மருந்து, மின்கட்டணம், பயணம் எல்லாம் அதிலிருந்து. மிச்சம் சபையின் மாநிலத் தலைமையகத்துக்குப் போகும். நோவிஸ்களின் (நவதுறவில் இருப்பவர்களின்) படிப்பும் வயதான சகோதரிகளின் மருத்துவமும் பெரும்பாலும் அதில்தான் நடக்கின்றன. கைச்செலவுக்கு வாங்கும் தொகைக்கு மாதக் கடைசியில் கணக்கெழுதிக் கொடுக்க வேண்டும்.

குடும்பச் சொத்து அப்படியல்ல. சாதாரண சபைகளில் சகோதரி தன் சொத்தின் உரிமையை இழப்பதில்லை. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் அதன் நிர்வாகத்தைத் தான் விரும்பும் ஒருவரிடம் எழுதி ஒப்படைக்க வேண்டும். வருமானம் யாருக்கு என்பதையும் குறிப்பிட வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்பாவது, நாட்டுச் சட்டப்படி செல்லும் வகையில் உயில் எழுத வேண்டும். இதைத் தள்ளிப்போடுகிற இடத்தில்தான் வம்பு பிறக்கிறது: பங்கு பிரியும்போது ‘அவள்தான் துறவியாயிற்றே’ என்று அண்ணன் தம்பிகள் ஒரு பக்கம், கையெழுத்துக்கு அலையும் சபை மறுபக்கம். தியான மடங்களில் சிலவற்றில் சொத்தை முழுவதுமாகத் துறப்பது உண்டு. அங்கே விதி வேறு.

உறவினர்களுக்கு ஒரு சொல். சகோதரியிடம் கடன் கேட்காதீர்கள். அவரிடம் இருப்பது அவருடைய பணம் அல்ல. இல்லை என்று சொல்லவும் கூசும், கொடுக்கவும் முடியாது.

கேள்வி: மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் சகோதரிகள் எப்போது செபிப்பார்கள்?

பதில்: வழக்கமான நாளில் காலைப் புகழ், தியானம், திருப்பலி, மாலையில் மாலைப் புகழ், செபமாலை. காலைப் புகழும் மாலைப் புகழும் அடங்கிய செபநூலான திருப்புகழ்மாலையில் திருப்பாடல்கள் நான்கு வாரச் சுற்றில் வரும். இரவுப் பணி முடித்து வருபவர் காலைப் புகழைத் தனியாகச் சொல்லிவிட்டுத் தூங்கலாம். திருப்பலிக்கு மாலையில் போகலாம். பொறுப்புள்ள இல்லத் தலைவி பணி அட்டவணையைப் பார்த்துத்தான் செப அட்டவணை போடுவார். இரவு முழுவதும் நின்றவரைக் காலையில் ஒரு மணி நேரத் தியானத்தில் உட்கார வைத்தால் அவர் செபிக்கப் போவதில்லை, தூங்கத்தான் போகிறார்.

கேள்வி: எங்கள் அம்மா படுத்த படுக்கை. ஒரு சகோதரி வாரந்தோறும் நற்கருணை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பம்) கொண்டுவருகிறார். நாங்கள் என்ன தயார் செய்ய வேண்டும்? நோயாளிக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதலையும் அவரே கொடுப்பாரா?

பதில்: கட்டிலருகே ஒரு சிறு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு உருவமுள்ள சிலுவை), மெழுகுவர்த்தி, ஒரு தம்ளரில் தண்ணீர், ஒரு கரண்டி. அறையில் ஆக்சிஜன் ஓடுகிறது என்றால் மெழுகுவர்த்தியை ஏற்றவே கூடாது. அதை வாசலிலேயே சகோதரியிடம் சொல்லிவிடுங்கள். தொலைக்காட்சியை அணையுங்கள். சகோதரியிடம் நற்கருணைச் சிமிழ் இருக்கும். வாசலில் நிறுத்திக் குசலம் விசாரிக்காமல் நேராக அறைக்கு அழைத்துச் செல்லுங்கள். பேச்செல்லாம் பிறகு.

நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது என்ற விதி நோயாளிக்கும் முதியவருக்கும் இல்லை, அவர்களைப் பராமரிப்பவருக்கும் இல்லை. ஆகவே மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். தலைமாட்டை நன்றாக உயர்த்தி, முதலில் ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்து விழுங்குகிறாரா என்று பாருங்கள். விழுங்கினால் அப்பத்தில் மிகச் சிறு துண்டே போதும். தண்ணீரே புரையேறினால் கொடுக்கக் கூடாது. அந்த நிலையில் திரு இரத்தமாக (அர்ச்சித்த திராட்சை இரசமாக) மட்டும் கொடுக்கவும் திருச்சபையில் இடமுண்டு, ஆனால் அதுவும் பாதுகாப்பா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பங்குத்தந்தையோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும்.

நோயில்பூசுதல் குருவானவர் மட்டுமே கொடுக்கக் கூடியது, பாவசங்கீர்த்தனமும் அப்படித்தான். சகோதரி செய்யக் கூடியது, நேரம் பார்த்துக் குருவுக்குச் சொல்லி அனுப்புவது. அம்மாவுக்கு நினைவு இருக்கும்போதே அழையுங்கள். கடைசி மூச்சுக்காகக் காத்திருப்பது பழைய பழக்கம், தேவையற்ற பழக்கம்.

கேள்வி: நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு ஒருவர் வெளியேற விரும்பினால்?

பதில்: தற்காலிக வார்த்தைப்பாட்டில் இருப்பவர் காலம் முடிந்ததும் சொல்லிவிட்டுப் போகலாம். நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தவர் காரணங்களை எழுதிச் சபையின் உயர் தலைவியிடம் மனு கொடுக்க வேண்டும். அவர் தன் கருத்தோடும் ஆலோசனைக் குழுவின் கருத்தோடும் மேலே அனுப்புவார். நேரடியாகப் பாப்பரசரின் அதிகாரத்துக்கு உட்பட்ட பாப்பரசர் உரிமைச் சபையானால் அனுமதி உரோமையிலிருந்து வரும். மறைமாவட்டச் சபையானால் ஆயரே கொடுக்கலாம். அனுமதி கைக்கு வந்ததும் அதை ஏற்க மறுக்கும் உரிமை அப்போதும் உண்டு. மறுக்காவிட்டால் வார்த்தைப்பாட்டின் கடமைகள் நீங்கிவிடும். இந்த விடுவிப்பு இல்லாமல் செய்யும் திருமணம் திருச்சபையில் செல்லாது.

இடைவழி ஒன்றும் உண்டு. கனமான காரணம் இருந்தால், வார்த்தைப்பாட்டை விடாமலே மடத்துக்கு வெளியே வாழ ஐந்து ஆண்டு வரை சபைத் தலைவி தன் குழுவின் ஒப்புதலோடு அனுமதிக்கலாம். அன்னை தெரசா 1948-இல் லொரேட்டோ மடத்திலிருந்து வெளியே வந்தபோது வார்த்தைப்பாட்டை விட்டுவிடவில்லை. வெளியே வாழ உரோமை அனுமதி கொடுத்திருந்தது. அவருடைய சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது 1950-இல்.

பணம்தான் சங்கடம். வெளியேறுபவர் செய்த வேலைக்காகச் சபையிடம் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் நீதியோடும் அன்போடும் நடந்துகொள்ளும்படி அதே சட்டம் சபைக்குக் கட்டளையிடுகிறது. எவ்வளவு என்று சட்டத்தில் இல்லாததால் சபைக்குச் சபை வித்தியாசம் அதிகம். இருபது ஆண்டு உழைத்தவரைப் பேருந்துக் கட்டணத்தோடு அனுப்புவது எங்கள் பார்வையில் அந்தக் கட்டளையை மீறுவதுதான். மனு கொடுக்கும்போதே படிப்புச் சான்றிதழ்கள், பணி அனுபவச் சான்று, அடையாள அட்டைகள், மருத்துவக் கோப்பு எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தங்க இடமும் முதல் சில மாதச் செலவும் எப்படி என்பதை எழுத்தில் பேசி முடிப்பது இரு தரப்புக்கும் நல்லது.

கேள்வி: தங்கையின் முதல் வார்த்தைப்பாடு வருகிறது. தங்கச் சங்கிலி போடலாமா?

பதில்: வேண்டாம். அன்று மாலையே அதை இல்லத் தலைவியிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். நல்ல செருப்பு, உறுதியான பயணப்பை, கைக்கடிகாரம் என்று உபயோகமாக எதையாவது கொடுங்கள். அதையும் முன்கூட்டியே இல்லத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.