கை கடுக்கிறது, வேலை பூஜ்ஜியமா?

கேள்வி: 20 கிலோ பெட்டி ஒன்றை இடுப்பு உயரத்தில் பிடித்தபடி பத்து நிமிடம் அசையாமல் நின்றேன். கை கடுத்து, சட்டை நனைந்துவிட்டது. இயற்பியல் புத்தகமோ அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்த வேலை பூஜ்ஜியம் என்கிறது. இது என்ன நியாயம்?

பதில்: நியாயம்தான், ஆனால் புத்தகம் பாதியோடு நிறுத்திக்கொள்கிறது. ஒரு விசை, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரம், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் இயற்பியலில் வேலை. உங்கள் பெட்டியைத் தாங்க 196 நியூட்டன் விசை வேண்டும். தரையிலிருந்து 1 மீட்டர் தூக்கியபோதே 196 ஜூல் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் பத்து நிமிடம் நின்றால் என்ன, பத்து மணி நேரம் நின்றால் என்ன, நகர்ந்த தூரம் பூஜ்ஜியம். ஒரு மேசையும் அதே பெட்டியை அதே விசையோடுதான் தாங்குகிறது, அதற்கு யாரும் சாப்பாடு போடுவதில்லை.

அப்படியானால் கை ஏன் கடுக்கிறது என்றால், தசை மேசை மாதிரி சும்மா நிற்கத் தெரியாதது. தசை நாருக்குள் மையோசின் என்ற புரதம் ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது, வெளியே பெட்டி ஓர் இம்மி நகராவிட்டாலும் உள்ளே இந்தப் பிடி-விடு ஓயாமல் நடக்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி (ATP) மூலக்கூறு ஒன்று காலி. அந்த ஆற்றலில் துளிகூட பெட்டிக்குப் போகவில்லை, வெப்பமாகிவிட்டது. சட்டை நனைந்தது அதனால்தான். (சிப்பிகளுக்கு ஒரு வசதி உண்டு: தன் இரு ஓடுகளையும் மூடிவைக்கும் தசையைப் பூட்டுப் போட்டது போல இறுக்கிவிட்டு, மிகக் கொஞ்ச ஆற்றலிலேயே மணிக்கணக்கில் இருக்கும். நம் கைக்கு அது வாய்க்கவில்லை.)

கேள்வி: சரி, அதே பெட்டியோடு சமதரையில் நடந்தால்? இப்போது நகர்கிறதே!

பதில்: நகர்கிறது, ஆனால் நீங்கள் தாங்கும் விசை மேல்நோக்கி, நகர்வு பக்கவாட்டில். இரண்டுக்கும் இடையே 90 டிகிரி, அதன் கொசைன் பூஜ்ஜியம், அதாவது விசையின் திசையில் நகர்வே இல்லை, வேலையும் பூஜ்ஜியம். இதிலும் புத்தகத்து மனிதர் காலில் சக்கரம் கட்டியவர் போல வழுக்கிக்கொண்டே போகிறவர். நிஜத்தில் புறப்படும்போது பெட்டியை முன்னால் தள்ளுகிறோம், நிற்கும்போது பின்னால் இழுக்கிறோம், ஒவ்வோர் அடிக்கும் பெட்டி லேசாக ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு கணமும் பூஜ்ஜியம் இல்லை, கூட்டியும் கழித்தும் பார்த்தால் மொத்தம் பூஜ்ஜியம்.

நிலவின் கதையும் இதுதான். பூமியின் ஈர்ப்பு நிலவின் மீது வேலையே செய்வதில்லை என்று வகுப்பில் சொல்வார்கள், பாதை சரியான வட்டமாக இருந்தால் அது உண்மை. ஆனால் நிலவு சுமார் 3,63,000 கிலோமீட்டர் வரை நெருங்கி, 4,05,000 வரை விலகுகிறது. நெருங்கும்போது ஈர்ப்பு அதை வேகப்படுத்துகிறது, விலகும்போது அதே அளவு இழுத்துப் பிடிக்கிறது. எப்போதுமே 90 டிகிரியில் நிற்கும் விசை வேண்டுமா, நகரும் மின்னூட்டத்தின் மீது காந்தப்புலம் செலுத்தும் விசையைப் பாருங்கள். மின்னூட்டம் கொண்ட துகள்களை வேகப்படுத்தும் இயந்திரமான சைக்ளோட்ரானில் அவ்வளவு பெரிய காந்தம் துகளை வளைக்க மட்டுமே, வேகம் ஏற்றுவது மின்புலம்.

கேள்வி: தரை நம்மைத் தாங்கும் விசை எப்போதும் செங்குத்து. அப்படியென்றால் அதன் வேலை எப்போதும் பூஜ்ஜியம்தானே?

பதில்: தேர்வில் நிறையப் பேர் விழும் குழி இது. லிஃப்டில் ஏறுங்கள். உங்கள் எடை 60 கிலோ, லிஃப்ட் சீரான வேகத்தில் 10 மீட்டர் மேலே போகிறது. அதன் தரை உங்களை மேலே தள்ளுகிறது, நீங்களும் மேலேதான் போகிறீர்கள், ஆகவே தரை செய்தது 5,880 ஜூல். புவியீர்ப்பு செய்தது மைனஸ் 5,880. நிகர வேலை பூஜ்ஜியம், அதனால்தான் உங்கள் வேகம் மாறவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பூஜ்ஜியம் இல்லை. 'வேலை பூஜ்ஜியமா' என்று கேட்டிருந்தால், எந்த விசையின் வேலையைக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.